அறுநூறு கிராம் தாலி

1

கோலசிலாங்கூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, "மாணிக்கம் சாப்பாட்டுக் கடை எங்கே?" என்று கேட்டால், சீனர் மலாய்க்காரர் யாராக இருந்தாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். சென்ற மாதம் வரை அப்படித்தான். இப்போது முதலில் சிரிக்கிறார்கள், பிறகுதான் காட்டுகிறார்கள். "ஓ, அறுநூறு கிராமா?" என்கிறார்கள்.

இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதை நானே சொல்லி எழுதவைத்துவிடுவது நல்லது. என் மச்சினன் ஒருவன் இங்கே வந்து இரண்டு வாரம் என் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறான். அவன் வாய் சும்மா இருக்காது. நான் கள்ளத் தராசு வைத்து மாட்டிக்கொண்டேன் என்று இந்நேரம் இராமநாதபுரம் ஜில்லா முழுக்கச் சொல்லியிருப்பான்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. முப்பது வருடத்துக்கு முன் கப்பலில் இந்த மலாய் மண்ணில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு தகரப்பெட்டியும் அதற்குப் பூட்டில்லாத குறையும்தான். தோட்டத்துத் துரை பங்களாவில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். ஒருநாள் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட, நான் மிளகு ரசம் வைத்து மேசைக்கு அனுப்பினேன். துரை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, வியர்த்துக்கொண்டே அடுப்படிக்கு வந்து கை கொடுத்தார். அன்றைக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவவில்லை. இன்று பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து சபாக் பெர்ணம் வரை எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் அண்டா என்னுடையது. ஆயிரம் பேருக்கு உப்புப் பார்க்காமல் சமைப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட நான் ஒரு சமையல் புத்தகம் போட்டேன். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

2

என் மகள் தேவகிக்கு வயது இருபத்து மூன்று. வங்கியில் தட்டச்சு வேலை. மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள்; படிக்கச் சொன்னால் ஊர்ப் பேருந்து மாதிரி ஒவ்வோர் எழுத்திலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போவாள். அவளுக்குக் கிள்ளானில் ஒரு வரன் அமைந்தது. பையன் சேகர், பள்ளி ஆசிரியர். அப்பா ராமையா தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். காயத்துக்கு மருந்து போட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தவரை ஜனங்கள் பாதி டாக்டராக ஆக்கி வைத்திருந்தார்கள். மீதிப் பாதியை அவரே சேர்த்துக்கொண்டார்.

தேவகிக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை. சனிக்கிழமை அவன் டெலிபோன் செய்வான் என்று, கூப்பிடாமலே கடைக்கு வந்து கல்லாவில் உட்கார ஆரம்பித்தாள். அது போதாதா?

டிரஸ்ஸர் கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு மாதிரி எழுதிக்கொண்டு வந்தார். அவர் பெயருக்குப் பின்னால் பதவி. பையன் பெயருக்குப் பின்னால் படிப்பு. பையனின் சித்தப்பாவுக்கு 'முன்னாள் பொருளாளர்'. எதற்குப் பொருளாளர் என்று போடவில்லை. என் பக்கம் வெறும் மாணிக்கம். பின்னால் ஒரு புள்ளி.

"உங்களுக்குன்னு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க சம்பந்தி, போட்டுருவோம்" என்றார் டிரஸ்ஸர்.

"சாப்பாட்டுக் கடைன்னு போடுங்களேன்" என்றாள் என் மனைவி செல்லம்மாள்.

"அது விளம்பரம் மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் சோறு இறக்குகிறவனுக்கு! மறுநாள் காலை தேநீர் குடிக்க வந்த பெரிய கிராணி கனகசபையிடம் சொன்னேன். அவர் தோட்ட அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் தலைமை எழுத்தராக இருந்தவர், யாழ்ப்பாணத்தார். மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு வழி சொன்னார்.

"ஒரு புத்தகம் போடும் காணும். பேருக்குப் பின்னால 'எழுத்தாளர்' எண்டு போட்டுவிடலாம். இஞ்ச அதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டினம்."

3

நான் சொல்ல, கிராணி எழுதினார். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு மூன்று மணிக்கு உட்காருவோம். இரண்டு மாதம் ஆயிற்று. முதல் வாரம் உப்பிலேயே போய்விட்டது.

"உப்பு எவ்வளவு?"

"தேவையான அளவு."

"தேவையான அளவு எண்டால் அது என்ன அளவு? நான் முப்பது வருஷம் தோட்டத்தில ஆள் கணக்கு எழுதினனான். 'தேவையான ஆள் வந்தது' எண்டு ஒருநாளும் எழுதினதில்லை."

"கிராணியாரே, உப்ப கையில எடுத்தா கைக்குத் தெரியும்."

"உம்மட கையைப் புத்தகத்தோட சேர்த்துத் தைச்சு விக்கலாமோ?"

கடைசியில் ஒவ்வொரு முறையும் நான் உப்பை அள்ள, அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அதைக் கரண்டியில் கொட்டி அளந்து எழுதினார். இரண்டு மாதத்தில் என் ஒவ்வொரு பிடியும் கொஞ்சம்கூட மாறவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். இதை அவர் வாயால் கேட்க வேண்டுமானால் கடைக்கு வாருங்கள், தினமும் பத்து மணிக்கு இருப்பார்.

உப்பு ஒருவழியாக முடிந்தது. எடையில்தான் வினை வந்தது. இங்கே பழைய எடைக்குப் பெயர் கட்டி. மீன் ஒரு கட்டி, கறி இரண்டு கட்டி என்று சொல்லித்தான் சீனர், மலாய்க்காரர், நாம் எல்லோரும் வாங்கினோம், விற்றோம். ஒரு கட்டி என்பது ஏறக்குறைய அறுநூறு கிராம். நம் ஊரில் கட்டி என்றால் வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி. நான் இரண்டு ஊரிலும் சாப்பிட்டவன். என் வாயில் இரண்டு கட்டியும் கலந்துதான் வரும்.

4

புத்தகம் எழுதி முடிகிற சமயத்தில் எடையைச் சோதிக்கிற அதிகாரி கடைக்கு வந்தார். மலாய் இளைஞர், மரியாதையான பிள்ளை. கிலோ வந்து பல வருடம் ஆகியும் பாசிர் பெனம்பாங் மீன்காரர்கள் என்னிடம் கட்டியில்தான் பேசுவார்கள். அதனால் பழைய கோல்தராசு ஒன்று சுவரில் தொங்கியது. அதை எடுத்துவிடச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு மீன்தலைக் குழம்பு சாப்பிட்டு, பணமும் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுத்தான் போனார்.

என் மட்டில் அது அங்கேயே முடிந்தது. ஆனால் கிராணி, சுற்றறிக்கை என்று எழுதிய காகிதத்தைக் கண்டால் எழுந்து நிற்கிற பரம்பரை.

"மாணிக்கம், நாளைக்கு உம்மட புத்தகத்தில கட்டியைக் கண்டால் விடுவினமோ? அரசாங்கம் கிலோ எண்டால் கிலோதான்."

"தமிழ்ப் புத்தகத்த யாரு படிக்கப் போறா கிராணியாரே?"

"ஆரும் படிக்க மாட்டினம் எண்ட நம்பிக்கையிலயோ நீர் புத்தகம் போடுறீர்?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "மாத்திருங்க!" என்றேன்.

எழுதிய நோட்டுகள் நான்கு. அதையெல்லாம் திருப்பித் திருத்த அவருக்குக் கண் போதாது. அச்சகத்துக்கு ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதி, சந்தேகம் வரக்கூடாது என்று கட்டி என்ற அந்தத் தமிழ்ச் சொல்லையும் பெரிதாக வரைந்து, நோட்டின் மேல் ஊசி குத்தி வைத்தார். 'இந்தச் சொல் எங்கே வந்தாலும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 600 கிராம் என்று போடவும்' என்பதுதான் அதில் இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் இட்டுவிட்டு, மகள் பிரசவத்துக்காகச் சிரம்பானுக்குப் போய்விட்டார்.

அச்சகம் செகிஞ்சானில், வயல் ஓரத்தில். நடத்துகிறவர் ஆ செங். இந்தப் பக்கத்துக் கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை எல்லாம் அவர்தான் அடிப்பார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. எழுத்துகளை உருவம் பார்த்துக் கோப்பார். தமிழ் தெரிந்தவர்கள் கோத்தால் நடுநடுவே தங்கள் புத்தியையும் கோத்துவிடுவார்கள். ஆ செங் வேலையில் பிழை இருக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

அச்சுக்கு முந்தைய தாள்களை நான்தான் போய்ப் பார்த்தேன். அட்டையில் என் படம், கையில் கரண்டி, தலையில் வெள்ளைத் தொப்பி. மிக நன்றாக வந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

5

ஆ செங் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். நோட்டில் அந்த மூன்று உருவம் எங்கெல்லாம் சேர்ந்து நின்றதோ அங்கெல்லாம் எடுத்துவிட்டு அறுநூறு கிராமை வைத்திருந்தார். இரண்டு கட்டி ஆட்டிறைச்சி, இரண்டு 600 கிராம் ஆட்டிறைச்சி ஆயிற்று. அது போகட்டும். கணக்குத் தெரிந்தவர்கள் பெருக்கிக்கொள்வார்கள். 'சிறு கட்டி பெருங்காயம்' என்பது 'சிறு 600 கிராம் பெருங்காயம்' ஆயிற்று. 'மாவு கட்டி தட்டாமல் கிளறவும்' என்று சொன்னேன். 'மாவு 600 கிராம் தட்டாமல் கிளறவும்' என்று வந்தது. மீனை இலையில் வைத்துக் கட்டி ஆவியில் வைக்கச் சொன்னால், இலையில் வைத்து 600 கிராம் ஆவியில் வைக்கச் சொல்லியிருந்தது. ஆவியை யார் நிறுப்பது?

இதெல்லாம் சமையல். முன்னுரையில்தான் என் குடி மூழ்கியது. கிராணியிடம் நான் சொன்ன வாக்கியம் இது: 'ஊருக்குப் போய் செல்லம்மாளைத் தாலி கட்டி அழைத்து வந்தபோது எனக்கு வயது இருபத்தேழு.' அச்சில் வந்தது இது: 'ஊருக்குப் போய் செல்லம்மாளைத் தாலி 600 கிராம் அழைத்து வந்தபோது எனக்கு வயது இருபத்தேழு.'

நான் எதையும் கவனிக்கவில்லை. கட்டு பிரித்ததும் முதல் பிரதியைக் கிள்ளானுக்கு அனுப்பினேன். வேறு யாருக்கு அனுப்புவேன்?

மூன்றாம் நாள் டிரஸ்ஸர் மனைவியோடு வந்து இறங்கினார். புத்தகம் கையில். முன்னுரைக்குள் விரலை வைத்து மூடியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் மத்தியானக் கூட்டம். கிராணியும் சிரம்பானிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, புத்தகத்த ஒரு எழுத்து விடாம படிச்சேன். உங்க கை இவ்வளவு தாராளம்னு தெரியாம போச்சே."

"நம்ம கை எப்பவுமே தாராளந்தான் டிரஸ்ஸரே."

"அறுநூறு கிராம்னு போட்டிருக்கீங்களே, அது நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கும் உண்டுதானே?"

பந்தியில் ஆட்டுக்கறியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். கிள்ளானிலிருந்து வந்து எனக்குக் கறி அளவு சொல்கிறாரே என்று கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. கடை முழுக்கக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"அறுநூறு என்ன அறுநூறு! என் ஒரே பொண்ணு கல்யாணம், நிறுத்துப் பார்ப்பேனா? ஒரு கிலோவா போட்டுருவோம்!"

டிரஸ்ஸரின் மனைவி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். கிராணி பொடியை மூக்குக்குப் பாதி வழியில் நிறுத்தினார். டிரஸ்ஸர் எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு, பெரிய மனசு" என்றார். அவர்கள் காரில் ஏறிப் போகும்வரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிராணிதான் முன்னுரையைத் திறந்து, வாசித்து, மூடி, மெதுவாகச் சொன்னார். "மாணிக்கம், நீர் இப்ப ஒரு கிலோ பொன் போடுறன் எண்டு சொல்லியிருக்கிறீர்."

நூற்றிருபத்தைந்து பவுன். நான் சட்டியோடு கடையை விற்றாலும் வராது. சாயந்திரம் வேலை முடிந்து வந்த தேவகியிடம் செல்லம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். தேவகி முன்னுரையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, யாருமே இத செக் பண்ணலயா?"

"படம் நல்லா வந்துச்சும்மா."

"ஐயோ லா, அப்பா! போன் பண்ணி மிஸ்டேக்னு சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் டெலிபோனில் என்ன சொல்வது? 'அறுநூறு கிராம் இல்லை' என்றால், 'பின்னே எத்தனை?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு இருபத்தைந்து வருடமாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. டயலில் மூன்று எண் சுழற்றுவேன், வைத்துவிடுவேன். சனிக்கிழமை சேகர் கூப்பிட்டபோது தேவகி கல்லாவுக்கு வரவில்லை. "வேலை இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். வேலை ஒன்றும் இல்லை. அடுக்களையில் உட்கார்ந்து, உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள்.

6

வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்து, நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது. தமிழ்ப்பள்ளி மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை, விருந்துடன். இங்கே புத்தக வெளியீடு என்றால் பேச்சாளர் ஆறு பேர், கேட்பவர் நூறு பேர், புத்தகம் படித்தவர் யாரும் இல்லை. என் விருந்தைக் கேள்விப்பட்டு நானூறு பேர் வந்துவிட்டார்கள். மூன்றாம் வரிசையில் டிரஸ்ஸர் குடும்பம், சேகரும் வந்திருந்தான்.

தலைமை தாங்கிய பிரமுகருக்கு என்ன புத்தகம் என்றே யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. "இந்த நாவலைப் படித்தபோது என் கண்களில் நீர் வழிந்தது" என்றார். நானூறு பேர் கை தட்டினார்கள். இன்னொருவர் என்னைத் தமிழன்னையின் தவப்புதல்வன் என்றார். அவருக்கு விருந்தில் இரண்டாவது துண்டு மீன் வேண்டும், வேறொன்றுமில்லை. நான் அவரை இருபது வருடமாக அறிவேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஏற்புரைக்குக் கிராணி நான்கு பக்கம் எழுதித் தந்திருந்தார். மேடையிலிருந்து பார்த்தேன். பெண்கள் வரிசையில் செல்லம்மாள். கடைசியில், கதவோரம், தண்ணீர்க் குவளைகளை எண்ணுவது போல நின்றாள் தேவகி. நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தேன்.

"புத்தகத்துல ஒரு பிழை இருக்கு" என்றேன். "தாலி அறுநூறு கிராம்னு இருக்கு. அது கட்டின்னு இருக்கணும். என் பொஞ்சாதிக்கு நான் கட்டுன தாலியில ஒரு கிராம் தங்கம் இருந்திருந்தா அதிகம். மீதி அரக்கு. எது தங்கம் எது அரக்குன்னு செஞ்ச ஆசாரிக்கே சந்தேகம்."

மண்டபம் சிரித்தது. அத்தோடு இறங்கிவிடலாம் என்று திரும்பினேன். செல்லம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அதையும் வித்துத்தான் மொத அண்டா வாங்குனீங்க. அதையும் சொல்லுங்க!"

நானூறு பேர் முன்னால். நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா" என்றேன். "நாலு வருஷம் வெறும் மஞ்சக் கயித்தோட நின்னா. இந்தக் கடை அதுல வந்தது. என் பொண்ணுக்கு நான் கிலோ கணக்குல போட முடியாது. வாய் தவறிச் சொன்னது, புத்தியும் தவறி." முப்பது வருடத்தில் நான் பேசிய பேச்சுகளிலேயே சின்னது அதுதான். கை தட்டல் மட்டும் பிரமுகருக்கு விழுந்ததைவிட அதிகம்.

பந்தி போட்டோம். டிரஸ்ஸர் இலைக்கு நானே பரிமாறினேன். பக்கத்து இலையில் சேகர். தேவகி ரசவாளியோடு பின்னால் வந்தாள். டிரஸ்ஸர் நன்றாகவே சாப்பிட்டார். பாயசத்தை வழித்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சம்பந்தி, மேடையில எதுக்கு அவ்வளவு பேச்சு? அச்சுப்பிழைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வாழ்க்கை பூரா மருந்து நிறுத்தவன் நான். அறுநூறு கிராம் ஒரு பொம்பள கழுத்துல தொங்குமா?"

"அப்ப ஏன் கேட்டீங்க?"

"நீங்களா கிலோன்னு சொல்லும்போது நான் ஏன் வேணாங்கணும்?" என்று சிரித்தார். "சரி, விடுங்க. ஒரு சைபர எடுத்துருவோம். அறுபது கிராம். கல்யாணத்த நல்லபடியா முடிச்சிருவோம்."

சொல்லிவிட்டு இலையை உள்பக்கமாக மடித்தார். உறவு நீடிக்க வேண்டும் என்று மடிக்கிற மடிப்பு. எவ்வளவு ஒழுங்காக மடித்தார் தெரியுமா, பொட்டலம் மாதிரி. நான் அறுபது கிராமை மனதுக்குள் பவுனாக்கிக்கொண்டு நின்றேன். ஏழரை. முடியும் என்று தோன்றியது. தலையை ஆட்டவும் போனேன்.

அதற்குள் தேவகி ரசவாளியைக் கீழே வைத்தாள். டிரஸ்ஸரின் இலையைப் பிரித்தாள். திருப்பி, கருமாதி வீட்டில் மடிப்பது போல வெளிப்பக்கமாக மடித்தாள். எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். இதெல்லாம் தெரியாமல் வளர்ந்துவிட்டாள் என்று நான் செல்லம்மாளிடம் எத்தனை நாள் குறைப்பட்டிருக்கிறேன்.

டிரஸ்ஸர் முகத்தில் பாயசம் புளித்தது. "என்னய்யா இது?" என்றார்.

சேகர் தகப்பனைப் பார்த்தான். "யூ ஆஸ்க்ட் தெம் ஃபார் கோல்டு?" என்றான். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். தன் இலையை எந்தப் பக்கமும் மடிக்காமல், இரண்டு கையாலும் அப்படியே ஏந்திக்கொண்டு, ரசம் சட்டையில் வழிய வழிய அவள் போன வழியே போனான்.

அண்டாவைப் பார்க்கப் போகிற மாதிரி நானும் பின்வாசல்வரை போனேன். குழாயடியில் நின்று பேசினார்கள். வேகமான ஆங்கிலம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன்தான் அதிகம் பேசினான். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்துச் சட்டையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். கொடுத்தாள், துடைத்துவிடவில்லை. நான் இதைச் சொல்லி எழுதவைக்கிற இன்றைய தேதிவரை கல்யாண விஷயம் அந்த அளவில்தான் இருக்கிறது.